குதிரை போலத் தாண்டப் பார்த்த ராஜா

பெரியவளே, சின்னவளே,

நீங்கள் இரண்டு பேரும் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். சின்னவள் தன் போனில் என் நம்பரை 'சிஐடி நைனா' என்று பதிந்து வைத்திருக்கிறாள். அதை நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பார்த்தேன், அவ்வளவுதான்.

கோபம் இல்லை. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஆன்லைனில் செஸ் சொல்லித்தர ஆரம்பித்த அந்த முதல் வாரத்தில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். பெரியவள் குப்பம் ஊரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். சின்னவள் என்னோடு பேசாமல் இருந்தாள். மீதிப் பாதியை எழுதிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

என் சந்தேகம் பிறவிக்குணம் என்று உங்கள் அம்மா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரேணிகுண்டாவில் லேத் மெஷினில் நிற்பவன் நான். யார் அளவு சொன்னாலும் நானே ஒரு தடவை அளந்து பார்க்காமல் இரும்பில் கை வைக்க மாட்டேன். செஸ்ஸும் அதே மாதிரிதான். எதிரில் இருப்பவன் ஒரு காயைச் சும்மா விட்டுவைத்தால் 'பாவம், மறந்துட்டான்' என்று எடுப்பவன் தோற்பான். 'ஏன் விட்டான்?' என்று கேட்கத் தெரிந்தவன்தான் நாலு டோர்னமென்ட் ஆடி ஒன்றிலாவது ஜெயிப்பான். இருபத்தைந்து வருஷமாக நான் வாரத்துக்கு ஏழு நாளும் 'ஏன் விட்டான்?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் போன் வந்தது. இன்றைக்குப் பையில் இருக்கும் சாதாரண போனில் உள்ள செஸ் புரோகிராம், உலக சாம்பியனையே தோற்கடிக்கும். அதிலிருந்து டோர்னமென்ட் ஹாலில் எல்லோரும் எல்லோருடைய ஜேபியையும் பார்க்க ஆரம்பித்தோம். திருப்பதியில் ஒரு தடவை என்னோடு ஆடியவர் நாலு முறை எழுந்து பாத்ரூம் போனார். ஐந்தாவது முறை நானும் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்து, "அன்னா, நீக்கு கூடா கடுப்பு நொப்பேனா?" என்று கேட்டார். உனக்குமா வயிற்றுவலி என்று. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதையும் விழுங்கினேன்.

சொல்லித்தரும் எண்ணம் வந்தது காலால்தான். நாள் முழுக்க நின்று கணுக்கால் இரண்டும் வீங்கிப்போகின்றன. உட்கார்ந்து செய்கிற வேலை பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று இரும்பு, அது நிற்கிற வேலை. இன்னொன்று செஸ். சின்னவள்தான் போனில் வகுப்புக்கு லிங்க் போடுவது, போர்டைத் திரையில் காட்டுவது எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். சித்தூரில் இரண்டு, திருப்பதி, ரேணிகுண்டா என்று மூன்று, திருச்சானூரில் ஒரு பத்து வயதுப் பெண். ஒரு வாரம் சும்மா சொல்லித்தருவது, பிடித்திருந்தால் தொடர்வது என்று பேச்சு. ஆறு பேரின் பெற்றோரும் ஒரே குரூப்பில் இருந்தார்கள். ஒருவர் 'இந்த மாஸ்டர் சரியில்லை' என்று எழுதினால் போதும், ஆறு பேரும் போய்விடுவார்கள். வொர்க்ஷாப்பில் அரை நாள் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் வேறு சொல்லி வைத்திருந்தேன். அந்த ஒரு வாரத்தின் மேல்தான் எல்லாம் இருந்தது.

திங்கள், செவ்வாய் நன்றாகப் போயிற்று. புதன்கிழமை ஆறு பேரோடும் ஒரே நேரத்தில் ஆடினேன். ஐந்து பேரை வரிசையாக முடித்தேன். திருச்சானூர்ப் பெண் குதிரையைக் கொடுத்து, என் ராஜா முன்னால் நின்ற சிப்பாயை எடுத்தாள். குழந்தை தெரியாமல் கொடுக்கிறது என்று நான் குதிரையை எடுத்தேன். பாருங்கள், அன்றைக்கு மட்டும் 'ஏன் விட்டான்?' என்று கேட்க மறந்தேன். அதிலிருந்து மூன்றாவது நகர்த்தலில் என் யானை போயிற்று. அதற்கப்புறம் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்துத் தோற்றேன்.

திங்கட்கிழமை யானை எப்படிப் போகும் என்று கேட்ட பெண் அவள்.

"சூப்பரா ஆடுது இல்ல நைனா?" என்றாள் சின்னவள்.

"அது ஆடல," என்றேன்.

வியாழக்கிழமை அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். கேமராவைப் போடு, உன் திரையை எனக்குக் காட்டு, ஆடலாம் என்றேன். இரட்டைப் பின்னல், நெற்றியில் சின்னக் கோடு, பின்னால் ஒரு பீரோ. ஆட்டத்தைவிட முகத்தைத்தான் பார்த்தேன். நான் ஒரு காயை நகர்த்தியதும் அவள் பார்வை திரையில் நிற்காது. போனுக்கு மேலே, எதிரே எதையோ பார்க்கும். ஏழெட்டு மூச்சு விடும் நேரம் போகும். அப்புறம் ஆடுவாள். லேசான நகர்த்தலுக்கும் அதே நேரம், கஷ்டமான நகர்த்தலுக்கும் அதே நேரம். மனுஷன் அப்படி ஆட மாட்டான். வெட்டின காயைத் திருப்பி வெட்டக் குழந்தைக்கு ஒரு நொடி போதும்.

இன்னொன்றும் பார்த்தேன். நடுவில் அவள் ராஜாவை விரலால் தூக்கி எங்கேயோ கொண்டுபோய் வைத்தாள். செல்லாத கட்டம். திரை அதைத் திருப்பி அனுப்பியது. மறுபடியும் அதே கட்டத்துக்குக் கொண்டுபோனாள். மறுபடியும் திரும்பி வந்தது. மேலே பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எதிரே இன்னொரு போன் இருக்கிறது, அதைப் பார்த்துக் காப்பியடிப்பதில் கை தவறுகிறது என்று முடிவு கட்டினேன்.

அன்றைக்கே அவள் அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவர் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. உங்க பாப்பா வேற போனைப் பாத்து ஆடுது. எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து அனுப்பாதீங்க. மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போவும்."

சின்னவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"இன்னா நைனா நீ? சின்னப் புள்ள அது. நீ இன்னா கண்ணால பாத்தியா?"

"பாக்கத் தேவையில்ல. தெரியும்."

"எல்லாம் உனக்குத் தெரியும். போ." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அவர் ஒரே ஒரு வரி பதில் போட்டார்: 'விசாரிக்கிறேன்.' வெள்ளிக்கிழமை வகுப்பில் திரையில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் இல்லை. மற்ற ஐந்து பேரும் ஒழுங்காக ஆடினார்கள். நான் ஐந்து பேரின் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பையன் மூக்கைச் சொறிந்தான். அதுகூட சைகையாக இருக்குமோ என்று பட்டது. சொல்லித்தந்தது என்ன என்று கேட்டால் நினைவில்லை.

சனிக்கிழமை மதியம் வொர்க்ஷாப்பில் சாப்பாட்டு நேரம். ஒரு அட்டைத்துண்டில் வியாழக்கிழமை ஆட்டத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் மறக்காது. பக்கத்து மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "ஏம் மாஸ்டாரு, ஈரோஜு ராஜு சச்சாடா?" என்று கேலி செய்தார். இன்றைக்கு ராஜா செத்தாரா என்று.

அவர் ராஜா என்றதும் என் கை அந்த ராஜாவில் நின்றது. அந்தப் பெண் அதை எங்கே கொண்டுபோய் வைத்தாள்? சும்மா எங்கேயோ இல்லை. இரண்டு கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் மேலே. இரண்டு தடவையும் அதே கட்டம். குதிரை தாண்டும் கட்டம் அது. அட்டையில் மேலே பார்த்தேன். முதல் பத்து நகர்த்தலில் அவளுடைய சிப்பாய் எதுவும் இரண்டு கட்டம் போகவே இல்லை. எல்லாம் ஒவ்வொரு கட்டம்தான்.

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

உங்களுக்கு இது தெரியாது. நம் ஊர்ப்பக்க வீடுகளில் முன்பு ஆடின செஸ்ஸுக்கு வேறு சட்டம். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதில், செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டி ஒளிந்துகொள்ளலாம். சித்தூர் லாரி ஆபீசில் நானும் அப்படித்தான் ஆடிப் பழகினேன். உலகம் முழுக்க அதுதான் செஸ் என்று நினைத்துக்கொண்டு முதல் டோர்னமென்டுக்குப் போனேன். நல்ல நேரம் பார்த்து ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரித் தாண்ட வைத்தேன். எதிரில் இருந்தவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நடுவர் வந்து என் கையைப் பிடித்து ராஜாவைத் திரும்ப வைத்தார்.

எந்த மெஷினும் ராஜாவைக் குதிரை போலத் தாண்டச் சொல்லாது. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கும் அது தெரியாது. அந்தப் பெண்ணின் எதிரில் போன் இல்லை, ஆள் இருந்திருக்கிறார். நம்மைப் போல வீட்டில் ஆடிப் பழகிய ஆள்.

இப்படியெல்லாம் தெரிந்த பிறகும் சந்தேகம் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். யாராக இருக்கும், எதற்காக என்னிடம் இந்த விளையாட்டு, வேறு மாஸ்டர் யாராவது என்னைக் கெடுக்க ஏற்பாடு செய்தாரோ என்றுகூட ஓடியது. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தக் குழந்தை போனைப் பார்க்கவில்லை. பார்த்தாள் என்று சொன்னவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டையும் காய்களையும் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். போர்டு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்தது. திருப்பதியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். அவர்கள் கொடுத்திருந்த விலாசத்தை இரண்டு கடையில் கேட்டேன். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் பச்சை கிரில் கேட் போட்ட வீடு. ஓர் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். கேட்டைத் திறக்கவில்லை.

"யாரு?"

"நான்தான்மா, செஸ் சொல்லிக் குடுக்கிறவன். ரேணிகுண்டாலேர்ந்து வந்திருக்கேன்."

"அவர் ஆத்துல இல்லை. கோயில்ல இருக்கார்." என்னையும் கையில் இருந்த மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் அந்த சார்னு நான் எப்படி நம்பறது? உங்க மூஞ்சியை நாங்க பார்த்ததே இல்லையே. எல்லாரும் கேமராவைப் போடுங்கோன்னேள். நீங்க ஒரு நாளாவது போட்டேளா?"

மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். நான் போர்டை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தேன். சின்னவளே, உன்னிடம் நெட் போதவில்லை என்று சொன்னேன் இல்லையா, அது பொய். வேலையிலிருந்து அப்படியே வந்த முகம், பெயின்ட் உரிந்த சுவர். இவரா மாஸ்டர் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

"சரி, சொல்லுங்கோ," என்றார் அவர். "புதன்கிழமை உங்க யானை எப்படிப் போச்சு?"

கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னேன். குதிரை வந்த கட்டம், நான் ஏமாந்து அதை எடுத்தது, ராணி குறுக்கே வந்து செக் சொன்னது, அந்தப் பக்கம் யானை அநாதையாக நின்றது. ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிரில் பால் பாக்கெட்டோடு போன ஒருவர் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

"சரியா இருக்கு," என்று கேட்டைத் திறந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பீரோவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை.

"நான் போனைப் பாக்கலை," என்றாள்.

"தெரியும் பாப்பா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அப்பா என்னோட மூணு நாளாப் பேசலை. பொய் சொல்றவாளோட பேச மாட்டாராம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ராஜாவத் தாண்டச் சொன்னது யாரு?"

அவர் முந்தானையைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். "நான்தான்."

போனுக்குப் பின்னால், எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு, நான் கட்டத்தை வாய்விட்டுச் சொல்லி நகர்த்துவதைக் கேட்டு, ஒரு பழைய போர்டில் அவர் எப்போதும் ஒரே நிதானத்தில் ஆட, பெண் அதைப் பார்த்துத் திரையில் நகர்த்தியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன்களோடு ஆடினாராம். அவர்கள் யாரும் ஜெயித்ததில்லையாம்.

"ஏன்மா இப்படிப் பண்ணீங்க?"

"மூஞ்சி காட்டாத மனுஷர். நெஜமா ஆடத் தெரிஞ்சவரா, இல்லை போன்ல ஏதோ பார்த்துண்டு சொல்றவரான்னு யாருக்குத் தெரியும்? பொண்ணை விடறதுக்கு முன்னால பார்த்துடலாம்னு."

பாருங்கள் பிள்ளைகளே. நான் எந்தக் குற்றத்தை அவர்கள் மேல் வைத்தேனோ, அதே குற்றத்தை அவர் எனக்கு முன்பே என் மேல் வைத்திருந்தார். சிரிப்பு வந்தது. பீரோ பக்கம் நின்ற குழந்தையைப் பார்த்ததும் நின்றுபோயிற்று.

"அப்போ சாமிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் ஆடுவேன்னே அவருக்குத் தெரியாது. திட்ட மாட்டார். சிரிப்பார்." பீரோவைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்னு இருந்தது. இன்னிக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு மூணு நாள் ஓடிடுத்து," என்றார்.

"நன்னா இருக்கும்மா உன் நியாயம்," என்றாள் பெண். "உனக்குச் சிரிப்பு வேண்டாம். எனக்குப் பேச்சு வேணுமே."

நான் போனை எடுத்தேன். முதலில் அவரைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். கோயிலுக்குள் இருந்தால் எடுக்க மாட்டார் என்றார் அந்த அம்மா. வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தினேன்.

"சாமி, நான் செஸ் சொல்லிக் குடுக்கிறவன் பேசறேன். வியாழக்கிழமை நான் சொன்னது தப்பு. உங்க பாப்பா எந்தப் போனையும் பாக்கல. தப்பு என்னுது. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். பாப்பாகிட்டப் பேசுங்க."

விரலை எடுக்கப் போனேன். அந்த அம்மா கை நீட்டித் தடுத்தார்.

"அப்போ யார் ஆடினான்னு கேட்பாரே," என்று மெதுவாகச் சொன்னார். அதுவும் பதிவாகிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தியபடியே நான் நின்றேன். பெண் அம்மாவையே பார்த்தாள். அவர் என் கையை நோக்கிக் குனிந்தார்.

"நான்தான் ஆடினேன். மாஸ்டரை நான் ஜெயிச்சேன். ஆத்துக்கு வாங்கோ, சொல்றேன்."

விரலை எடுத்தேன். மெசேஜ் போயிற்று. மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

"கேட்டுட்டார்," என்றாள் பெண்.

"கேட்டுட்டு இன்னா நெனச்சுக்கினு இருக்காரோ," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"அதை நான் பார்த்துக்கறேன்," என்றார் அந்த அம்மா. மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பெண் கேட் வரை வந்தாள். "நீங்க எங்களை மாதிரியே இருக்கேள் சார்," என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று ஆட்டோவில் வரும்போது முழுக்க யோசித்தேன். இன்னும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள், ஐந்து நிமிஷம் லேட்டாக. பின்னால் பீரோவுக்குப் பக்கத்தில் அவள் அப்பா நின்று எட்டிப் பார்த்தார். ஆறு பேரில் ஒருவர் கூடப் போகவில்லை. அது சின்னவளுக்குத் தெரியும், பெரியவளுக்கு அவள்தான் போனில் சொன்னாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசைதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் என்ன செய்தேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் சின்னவளும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். போனை ஸ்டாண்டில் வைத்து வகுப்பு லிங்கைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் வர மாட்டார்கள். கேமரா பட்டனை அழுத்தினேன். முகம் வந்தது. புருவத்தில் இரும்புத்தூள் பட்ட தழும்பு, முடியில் பாதி வெளுத்த டை, தலைக்குப் பின்னால் கொடியில் என் லுங்கி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்து லுங்கியை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தேன்.